வாசகர் மன்றத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், இன்றைய பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கையின் நகல் அஞ்சலில் அனுப்பப்படும். அதற்கான செலவு அவர்களது சந்தாவுடன் சேர்த்துக் கொள்ளப்படும்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. சரஸ்வதி பூஜை கொண்டாடப்பட்டது. பொங்கலையொட்டிக் கோலப்போட்டி நடந்தது. படிப்பகத்தின் மின்விசிறி பழுதுபார்க்கப்பட்டது.

இவ்வாண்டின் தலையாய பணி, தமிழில் அச்சு வந்த பின்னர் எளிய மக்களின் வாழ்வு எவ்வாறு மாறியது என்பதை விளக்கி நாம் நடத்திய கண்காட்சியாகும். செலவு மிகுதி என்றும், பெரும்புலவர்களின் பதிப்புகள் இருக்கக் காலணாப் பாட்டுப் புத்தகங்களைப் பரப்பி வைத்தது மன்றத்தின் மதிப்புக்கு ஏற்றதன்று என்றும் செயற்குழுவில் கூறப்பட்டமையால், விளக்கமளிப்பது என் கடமையாகிறது.

தமிழ் எழுத்துகளில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலைப் போர்த்துக்கீசியப் பாதிரியாரான அண்டிரிக் அடிகளார் ஆக்கியது அரசவைக்காகவோ புலவர் அவைக்காகவோ அன்று. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் செபம் கற்பதற்காகவே. தரங்கம்பாடியில் 1713இல் அச்சுவேலை தொடங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகள் பெரியனவாக இருந்து, அரிதாய்க் கிடைத்த காகிதத்தை விழுங்கின. ஆகவே அருகிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. காகிதத்துக்காகச் சிறுத்த எழுத்து, பிற்காலத்தில் சென்னைப் பதிப்பாளர்களின் கையில் வாசகருக்காக மறுபடியும் பெருத்தது. நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை ஆகியவை 'பெரிய எழுத்து' என்ற அடைமொழியோடு விற்றதற்குக் காரணம், எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் பார்வை மங்கியவரும் அவற்றை வாங்கினார்கள் என்பதுதான். கண்காட்சியின் நடுமேசையில் அவற்றை வைத்தது என் முடிவே.

ஓலைச்சுவடி இருந்த காலத்தில் ஒரு கதை வேண்டுமானால், சுவடி வைத்திருப்பவரை நாடி, எழுதுவோரைக் கொண்டு படியெடுக்க வேண்டும்; உழவரோ கைவினைஞரோ எண்ணிப் பார்க்கக்கூடிய காரியமன்று. அச்சகம் நடத்துவதில் இருந்த கட்டுப்பாடுகளை 1835இல் அப்போதைய தற்காலிகக் கவர்னர் ஜெனரல் மெட்காஃப் நீக்கிய பின்னர், சென்னையில் நம்மவர் நடத்திய அச்சகங்கள் பெருகின. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ஓலையில் தாமே எழுதிக்கொண்ட எண்சுவடி என்னும் கணக்கு வாய்பாடு அச்சுப் புத்தகமாகக் கடைக்கு வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கிச் சென்று, சிறுவர்க்கான பாலபாடங்களை அச்சிட்டார். பிறர் சொல்லக் கேட்டறிந்த நாளும் கோளும் அச்சுப் பஞ்சாங்கமாக வீட்டு ஆணியில் தொங்கின. குஜிலி எனப்பட்ட சென்னை மாலைச் சந்தைக் கடைகளில், நடந்த கொலைகளைப் பாடும் கொலைச் சிந்தும் கும்மியும் ஒப்பாரியும் சில தாள்களாகக் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றன. வாங்கியவர் எல்லோரும் படிக்கத் தெரிந்தவர் அல்லர். படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிக்க, தெருவே சூழ்ந்து கேட்டது. இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு அச்சின் வரலாற்றைப் பேசுவது, என் கருத்தில், பாதி வரலாறுகூட ஆகாது.

கண்காட்சிக்கு நம் உறுப்பினர்களைவிட வெளியார்தாம் மிகுதியாக வந்தனர் என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன். சந்தை முடித்து வந்த பூக்கார அம்மையார் ஒருவர் நல்லதங்காள் கதையின் பக்கங்களைப் புரட்டாமலே வரி பிசகாமல் சொன்னார். அவருடைய பாட்டி வீட்டில் அந்தப் புத்தகம் இருந்ததாம். மதிப்பைப் பற்றிக் கவலைப்பட்ட செயற்குழு உறுப்பினர்கள் அன்று அங்கு இருந்திருக்கலாம்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துள்ளன. சிறு பற்றாக்குறை தற்காலிகமாகச் சரிக்கட்டப்பட்டுள்ளது. விவரங்கள் பொருளாளரிடம் பார்வைக்கு உள்ளன. சந்தா நிலுவையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டபோது, நூல் வருமுன்பே கையொப்பமிட்டுப் பொருள் உதவ ஆள் தேட வேண்டியிருந்தது. அக்காலப் பதிப்புகள் பலவும் அவ்வாறே வெளிவந்தன. நம் உறுப்பினர்களும் சேர்க்கைப் படிவத்தில் கையொப்பத்தைத் தாராளமாக இட்டிருக்கிறார்கள். தொகைதான் பின்தொடரவில்லை. சிலருடைய நிலுவை எத்தனை ஆண்டுகளுக்கு உரியது என்பதைச் சபையில் படிப்பது நாகரிகமன்று என்பதால் தவிர்க்கிறேன். பட்டியல் என்னிடம் உள்ளது.

இடம் தந்த திருமண மண்டப உரிமையாளருக்கும், பழைய புத்தகங்களை எடுத்து வைத்திருந்து தந்த காகிதக் கடைக்காரருக்கும், ஒலிபெருக்கி அமைத்தவருக்கும், தலைவருக்கும் மன்றத்தின் நன்றி உரித்தாகுக.

வரும் ஆண்டில், சேகரித்த புத்தகங்களுக்குக் கண்ணாடிக் கதவுடன் ஓர் அலமாரி தேவை. இப்போதைய மர அலமாரியில் கரையான் ஏறத் தொடங்கிவிட்டது. செயலாளர் பொறுப்பிலிருந்து விடுபட எனக்கு விருப்பமே. ஆயினும், நிலுவை இல்லாதவர்களே பொறுப்புக்குப் போட்டியிடலாம் என்பது மன்ற விதி; அவ்விதிப்படி தகுதியுடையோரின் பெயர்கள் ஒரு தாளின் பாதியில் அடங்கிவிடுகின்றன. ரசீதுப் புத்தகம் இன்று தேநீர் மேசையருகே வைக்கப்பட்டிருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்