மலையில் டென்ட் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் டென்ட் முகாம் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன மே மாதம் மதுரையிலிருந்து வந்து உங்களில் ஒருவரின் இடத்தில் இரண்டு ராத்திரி தங்கினோம். நான், மனைவி, ஐந்து வயது மகள், இரண்டு வயது மகன். அது எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. அதற்கு முன் விசாரித்த மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். விளம்பரத்தில் ‘ஃபேமிலி கேம்பிங்’ என்று போடுகிறீர்கள். டென்ட் வாசலில் ஒரு குழந்தை சிரிக்கிற படமும் உண்டு. நேரில் வந்து பார்த்தால், பத்துப் பையன்கள் வந்து விடிய விடிய ஆட்டம் போட்டுவிட்டுப் போவதற்கென்றே அமைத்த இடம்.

பகலில் ஒரு குறையும் இல்லை. பூம்பாறையில் படி படியாக இறங்கும் பூண்டு வயல்களைப் பார்த்தோம். குழந்தை வேலப்பர் கோயிலில் மகள், “முருகனும் பாப்பாவாப்பா?” என்று கேட்டு ஒரு மணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

ராத்திரிதான் பிரச்சினை. இரண்டு மணிக்கு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: “அப்பா, ஒண்ணுக்கு வருது.” ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. கழிவறை சரிவுக்குக் கீழே. போகிற வழியில் ஒரு பல்பு கிடையாது. செல்போன் வெளிச்சத்தில் உடைந்த பாட்டில் சில்லு பளிச்சென்றது. அவளைத் தூக்கிக்கொண்டு கழிவறை வாசல் வரை போனேன். உள்ளே இருட்டைப் பார்த்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு “வேணாம்ப்பா” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் டென்டுக்குப் பின்னால்தான். மறுநாள் சமையலறையில் கெஞ்சி ஒரு பழைய பெயின்ட் வாளி வாங்கி டென்டு வாசலில் வைத்தேன். அந்த வாளிதான் இரண்டாம் ராத்திரியைக் காப்பாற்றியது. குழந்தைகள் இருக்கிற டென்டைக் கழிவறைக்குப் பக்கத்தில் போடுங்கள், வழியில் நாலு சோலார் விளக்கு நடுங்கள். ஆகிற செலவு உங்கள் ஒரு நாள் ஸ்பீக்கர் வாடகையைவிட அதிகமாக இருக்காது.

அடுத்தது குளிர். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 2,000 மீட்டர். ஆக, கீழே புழுங்குகிற அதே ராத்திரியில் மேலே 13 டிகிரி குறைவு. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். நீங்கள் கொடுத்ததோ அரை அங்குல ஃபோம் பாய். தரையே சூட்டை உறிஞ்சிவிடுகிறது. மேலே எத்தனை போர்வை போட்டும் பிரயோசனமில்லை, அடியில் இன்னொரு பாய் வேண்டும். விடியற்காலையில் மகன் தலை நனைந்திருந்தது. டென்ட் ஒழுகுகிறது என்று உங்கள் ஆளிடம் சண்டைக்குப் போனேன். மழையே பெய்யவில்லை. நாங்கள் நாலு பேர் விட்ட மூச்சுதான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகச் சொட்டியிருக்கிறது. குளிருக்குப் பயந்து காற்று வழியை நானே இழுத்து மூடியிருந்தேன். அதைத் திறந்து வைக்கச் சொல்லி முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. உங்கள் பையன் ஒருவர் உண்மையான பரிவோடு கேட்டார்: “பாப்பாவுக்குக் குளிருமே சார், கரி அடுப்பை உள்ள வைக்கட்டுமா?” என் மனைவி போட்ட சத்தத்தில் அவர் மிரண்டுவிட்டார். பாவம், அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூடிய டென்டுக்குள் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். வேலைக்கு ஆள் எடுக்கும் அன்றைக்கே இதைச் சொல்லிவிடுங்கள்.

நெருப்பு என்றதும் கேம்ப்ஃபயர் ஞாபகம் வருகிறது. மாசி, பங்குனியில் மலைப்புல் பஞ்சு மாதிரி காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த தீ, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அந்த மாதங்களில் கேம்ப்ஃபயரே வேண்டாம் என்பேன். மற்ற நாட்களிலும் புல்லை ஒட்டி மூட்டாதீர்கள். அணைக்கத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். புதர் ஓரத்தில் டென்ட் போடுவதும் வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் பரப்புகிற பூச்சி அங்கேதான் ஒட்டுகிறது. ஊருக்குத் திரும்பியதும் இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி அக்குள், தொடை இடுக்கு எல்லாம் துழாவிப் பார்த்தோம்.

சாப்பாடு. எட்டு மணிக்குக் கண் சொக்குகிற பிள்ளைக்குப் பத்தரை மணி பார்பிக்யூ எதற்கு? முதல் நாள் இரண்டும் பிஸ்கட் தின்றுவிட்டுத் தூங்கின. மறுநாள் சமையல் செய்கிற அக்கா தானாகவே ஏழு மணிக்குக் குழைந்த சோறும் மலைப்பூண்டு ரசமும் கொண்டுவந்து வைத்தார். மகன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். அவனுக்கு அதுதான் கொடைக்கானல்.

ஸ்பீக்கரைப் பற்றி நிறைய எழுதலாம். ஒன்பது மணிக்கு அணையுங்கள், போதும். காட்டெருமை நடமாடுகிற இடம் அது.

வந்ததிலிருந்து மகள் மொட்டைமாடியில் அம்மாவின் பழைய சேலையைக் கட்டி டென்ட் போட்டுக்கொண்டிருக்கிறாள். வாசலில் ஒரு வாளி வைக்க மறப்பதில்லை. அரையாண்டு விடுமுறைக்கு மறுபடி வரலாம் என்றிருக்கிறோம். போனில் வாடகையைக் கடைசியாகத்தான் கேட்பேன். டென்டிலிருந்து கழிவறை எத்தனை அடி, வழியில் விளக்கு எரிகிறதா, இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அப்பா,
மதுரை