உரக் கடனும் லோரியும்

அன்புள்ள பாப்பா,

பசியாறியாச்சா? இங்கே நிபோங் திபாலில் இரண்டு நாளாக விடாத மழை. வாய்க்கால் ஓரத்து வரிசையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இந்தச் சுற்றுச் செம்பனைக் குலை வெட்டு தள்ளிப்போனதால்தான் எனக்கு எழுத உட்கார நேரம் கிடைத்தது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 350 மரம், மரத்துக்கு இரண்டு கிலோ, ஆக 14 மூட்டை உரம். மூட்டை 150 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 2,100. நம் பழத்தை வாங்குகிற வியாபாரி, அதுதான் தவுக்கே, உரத்தைக் கடனாகக் கொடுத்து அதை மாதம் 350 வீதம் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்கிறார். வட்டி என்று ஒரு சென் வாங்குவதில்லை. ஆனால் கடன் இல்லாதவர்களுக்குப் போடும் விலையைவிட நம் பழத்துக்கு டன்னுக்கு 30 வெள்ளி குறைச்சல். ஆறு மாதத்தில் 20 டன் ஏற்றினோம், 600 வெள்ளி போயிற்று. "ஆண்டுக்கு 57 விழுக்காடும்மா. அசல் மாதா மாதம் குறைவதையும் சேர்த்தால் அதற்கும் மேல். 1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி அடமானம் இல்லாத கடனுக்கே 18-தான் உச்சம்" என்று எழுதியிருந்தாய்.

கணக்கு சரிதான். கோலாலம்பூரில் வங்கியில் உட்கார்ந்து இதே வேலை பார்க்கிற பிள்ளை தப்பாகவா போடும்? அப்பாதான், "அவர் எங்கே வட்டி வாங்குகிறார், விலையைத்தானே குறைக்கிறார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார், சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. ரசீதில் வட்டி என்ற சொல்லே இல்லாதபோது சட்டம் எதைப் பிடிக்கும்?

உன் கணக்கில் வராத ஒன்றையும் சொல்கிறேன். போன வியாழக்கிழமை நானே லோரியில் ஏறி தவுக்கேயின் எடைமேடைக்குப் போனேன். 1,840 கிலோ. கொக்கியால் குலைகளைப் புரட்டிப் பார்க்கிற பையன் மூன்றைத் தனியே தள்ளினான், பழுக்கவில்லையாம். குலையிலிருந்து பத்துப் பழமாவது உதிர்ந்திருந்தால் அது பழுத்த குலை. காம்பு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போனால் நீளக் காம்பு என்று கழிப்பார்கள். நான் ஒரு குலையைத் திருப்பிப் போட்டு, பழம் உதிர்ந்த குழிகளை அவன் எதிரிலேயே எண்ணினேன். பதினொன்று. ஒன்றும் பேசாமல் அதைத் திரும்பத் தூக்கிப் போட்டான். பதினெட்டு கிலோ இருக்கும், பதினைந்து வெள்ளிகூட வராது. அதற்குத்தான் இந்தக் கிழவி சேற்றில் நின்று எண்ணினாள்!

அங்கே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. செம்பனை வாரியம் ஒரு விழுக்காடு எண்ணெய்க்கு இவ்வளவு என்று ஒரு விலை வெளியிடும். அதை எண்ணெய்ப் பிழிவு விகிதத்தால், அதாவது நூறு கிலோ பழத்தில் எத்தனை கிலோ எண்ணெய் என்ற கணக்கால், பெருக்கினால் டன் பழத்தின் விலை வரும். அந்த விலை 44 வெள்ளி என்று வைத்துக்கொள். விகிதம் 19 என்றால் டன் 836, 18 என்றால் 792. அந்தப் பலகையில் எப்போதும் 18-தான். நம் பழத்தில் எவ்வளவு எண்ணெய் என்று யார் பார்த்தது? நம் இரண்டு டன்னையும் அடுத்தவர் மூன்று டன்னையும் ஒன்றாகக் கொட்டித்தான் ஆலைக்கு அனுப்புகிறார்கள். பெரிய தோட்டத்துக்காரர் நேராக ஆலைக்கே போய் விகிதத்தைப் பேசலாம். ஆறு ஏக்கர்காரன் பலகையைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் தவுக்கேயையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்பாய். வெட்டிய குலை ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அமிலம் ஏறிவிடும். சுங்கை பாகாப் ஊரில் பழம் வாங்குகிறவர்களிடம் விசாரித்தேன், மூன்று டன்னுக்குக் குறைந்தால் லோரி அனுப்ப மாட்டார்களாம். தவுக்கேயின் லோரி அரை டன்னுக்கும் நம் சந்துக்குள் வரும். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த இரவில் 3,000 வெள்ளியைக் கையில் திணித்ததும் அவர்தான். மறுநாளே அதைப் பற்றில் எழுதிக்கொண்டார், அது வேறு கதை.

வங்கிக்கும் போய்ப் பார்த்தோம். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, ஐந்து வாரிசு, பெயர் மாற்றாமல் அடமானம் வைக்க முடியாது என்றாள். அமைச்சர் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு சேர்த்த மனுஷன் உன் தாத்தா. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதையும், லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர் சனங்கள் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றதையும் கண்ணால் பார்த்தவர். சொந்தமாக ஒரு காணி வேண்டும் என்ற வெறியில்தான் இதை வாங்கினார். பிள்ளைகள் பெயருக்கு எழுத வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

கடனே வேண்டாம், உரத்தை ஒரு வருஷம் நிறுத்தலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அதையும் செய்து பார்த்தாயிற்று. 2008-இல் கச்சா செம்பனை எண்ணெய் டன் 4,000 வெள்ளிக்கு மேல் போய், அந்த ஆண்டு முடிவதற்குள் 1,500-க்கும் கீழே விழுந்தது. அப்பா பயந்துபோய் உரத்தை நிறுத்தினார். அந்த வருஷம் ஒன்றும் தெரியவில்லை, காசு மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். 2010-இல் குலை தேங்காய் அளவில் வந்தது. மரம் உடனே அழாது. விலை நன்றாக இருந்த அந்தச் சமயத்தில் நம்மிடம் ஏற்றப் பழம் இல்லை. 2022-இலும் பார்த்தாயே, மார்ச்சில் 7,000-ஐத் தாண்டிய எண்ணெய் ஜூலையில் 4,000-க்குக் கீழே வந்தது. ஏறும்போது உரமும் கூடவே ஏறியது, இறங்கும்போது எண்ணெய் மட்டும் இறங்கியது.

அதனால் நீ சொன்ன 5,000 வெள்ளியை அனுப்பு. ஆனால் தவுக்கேயின் பற்றை அடைக்க அல்ல, அது அக்டோபரில் தானாகக் கழிந்துவிடும். அடுத்த சுற்று உரத்தை ரொக்கத்துக்கு எடுக்கப் போகிறேன். ரொக்கம் என்றால் மூட்டை 138-க்குத் தருகிறார்கள், அதிலேயே 168 வெள்ளி மிச்சம். மீதியைத் தொடாமல் அதற்கடுத்த சுற்றுக்கு வைப்பேன். பற்று இல்லாத கையோடு போய் அந்த 30 வெள்ளியைக் கேட்கிறேன். கொடுத்தால் அவர் லோரியே வரட்டும், எனக்கு அவரோடு பகை இல்லை. முடியாது என்றால், பக்கத்து நிலத்து மலாய்ப் பெரியவர் ‘பாக்சிக்’கும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மாமாவும் ஒரே நாளில் வெட்டச் சம்மதித்திருக்கிறார்கள். மூன்று பேர் பழமும் சேர்ந்தால் ஐந்து டன் வரும், சுங்கை பாகாப் லோரி மாட்டேன் என்று சொல்லாது. அப்பாவுக்கு இன்னும் இதைச் சொல்லவில்லை. நீயும் உளறி வைக்காதே.

நிலப் பெயர் விஷயம் உன் பொறுப்பு. நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீட்டுக்கு மனுப் போட வேண்டுமாம். பெரியப்பாவும் சித்தப்பாக்களும் சரி என்றுவிட்டார்கள், அத்தைதான் முறுக்கிக்கொண்டு இருக்கிறாள். நீ பேசினால் கேட்பாள். என் குரலைக் கேட்டாலே போனை வைத்துவிடுகிறாள். தீபாவளிக்கு வரும்போது தாத்தாவின் இறப்புச் சான்றிதழை எடுத்து வா. உன் பழைய பள்ளிக் கோப்பில், எஸ்பிஎம் பள்ளித் தேர்வுச் சான்றிதழுக்குப் பின்னால் சொருகி வைத்ததாக ஞாபகம்.

அம்மா