முப்பத்தைந்து எப்படி வந்தது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீயே உன் கைப்பட எழுதத் தொடங்கிவிட்டாய் என்பதை முதல் வரியிலேயே கண்டுகொண்டேன், மனம் நிறைந்தது. உன் மகள் ஆசிரியப் பயிற்சியை முடித்து, அடுத்த மாதம் வகுப்பறைக்குள் நுழையப்போகிறாள் என்ற செய்தி அதைவிடப் பெரிய மகிழ்ச்சி. இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்த நான் அவளுக்கு என்ன சொல்வேன் என்று கேட்டிருந்தாய். இரண்டு வாரமாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் வகுப்புக்குப் போய்வருகிறேன்.

பிள்ளை சொல்லும் தவறான விடைக்குப் பின்னால் அநேகமாக எப்போதும் ஒரு யோசனை இருக்கிறது என்றும், அந்த யோசனையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சரியான விடையை அதன்மேல் எழுதிவைப்பதால் பயனில்லை என்றும் நான் நம்புகிறேன். இந்த நம்பிக்கை எனக்கு வந்த நாளை உனக்குச் சொல்ல வேண்டும்.

வேலையில் சேர்ந்த புதிதில் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்றும், 41-இலிருந்து 18-ஐக் கழித்து 37 என்றும் எழுதியிருந்தான். பத்துக் கணக்கும் தவறு. பத்துக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, அடியில் 'கவனம் தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வந்த நோட்டில் அதே கணக்குகள், அதே விடைகள். ரப்பரால் அழித்து அழித்துத் தாள் மட்டும் கிழியும் அளவுக்கு மெலிந்திருந்தது. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இதை எப்படிப் போட்டாய்? எனக்குச் சொல்லிக் கொடு" என்றேன். ஒன்றாம் இடத்தில் விரலை வைத்து அவன் சொன்னான்: "இங்கே ரெண்டும் ஏழும் இருக்கு சார். ஏழு பெரிசு. பெரிசிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் சொன்னது உண்மைதான். ஓரிலக்கக் கழித்தலைக் கற்பித்தபோது அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. அவன் அதை அப்படியே மனத்தில் வாங்கி, ஒவ்வோர் இடத்திலும் பிசகாமல் பின்பற்றியிருந்தான். அவனுடைய விதியை வைத்துத் திருத்தியிருந்தால் பத்துக்குப் பத்து. என் சொல்லை அவ்வளவு கவனமாகக் கேட்ட ஒரு பிள்ளையின் நோட்டில் 'கவனம் தேவை' என்று எழுதியதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-இல் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வைப் பின்னாளில் படித்தேன். பிள்ளைகள் மனம்போன போக்கில் தவறு செய்வதில்லை, பெரும்பாலும் ஏதோ ஒரு பிழையான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்பதை அவர்கள் காட்டியிருந்தார்கள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுவனின் பிழையும் அவர்களுடைய பட்டியலில் இருந்தது.

பிறகு அந்தச் சிறுவனுக்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தேன். ஐந்து கட்டும் இரண்டு தனிக் குச்சிகளும். அதிலிருந்து இருபத்தேழை எடுத்துத் தரச் சொன்னதும், சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானாகவே ஒரு கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றினான். அன்றிலிருந்து 'கடன் வாங்குதல்' என்ற சொல்லை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. திருப்பித் தரப்படாத கடன் பிள்ளைகளைக் குழப்புகிறது. 'கட்டைப் பிரி' என்றே சொல்கிறேன்.

பிள்ளையின் யோசனை வெளியே வரவேண்டுமென்றால் நாம் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவுக்குத்தான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, வாய்திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். வகுப்பு முன் நின்று பார்த்தால்தான் மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும். முந்திக் கை தூக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் மனத்துக்குள் எண்ணிப் பழகினேன். மழைநீர் தேங்கிய தரை எப்படிக் காய்ந்தது என்று ஒருநாள் கேட்டேன். "மண்ணுக்குள்ளே போயிடுச்சு" என்று பலரும் சொல்லி ஓய்ந்தபின், அதுவரை பேசவே பேசாத ஒரு சிறுமி, "அப்போ சிமெண்ட் தரை எப்படிக் காயுது?" என்று கேட்டாள். அன்றைய பாடத்தை அந்தக் கேள்விதான் நடத்தியது.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் பாடத்தை எப்போது முடிப்பது என்று உன் மகளிடம் சக ஆசிரியர்கள் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாற்பது நோட்டுகளையும் விரித்துவைத்துப் பார்த்தால் ஒரே பாடத்தில் மூன்று நான்கு வகைத் தவறுகளுக்கு மேல் அரிதாகவே இருக்கும். வகைக்கு ஒரு பிள்ளையை அழைத்துப் பேசினால் போதும். அப்படிப் பேசுவதற்குப் பிள்ளைக்கு நம்மிடம் பயம் இருக்கக் கூடாது. அடிக்கும், கேலிசெய்யும் ஆசிரியரிடம் பிள்ளை தன் யோசனையை மறைத்துப் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும். விடை சரியாக இருக்கும், நமக்கு ஒன்றும் தெரியாது.

மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. 1988-இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வில், எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆகவே நான் குறிப்பெழுதிய தாளை முதலில் கொடுத்து, இரண்டு நாள் கழித்துத்தான் மதிப்பெண்ணைச் சொல்கிறேன்.

பிள்ளைகளின் தவறான விடைகளையும் அவற்றுக்கு அவர்கள் சொன்ன காரணங்களையும் பல ஆண்டுகளாக ஒரு நோட்டில் எழுதிவருகிறேன் என்று உனக்குச் சொன்னதில்லை. பெயர்கள் எதுவும் இல்லை. விடையும் காரணமும் மட்டும்தான். அதைப் படியெடுத்து அடுத்த வாரம் உன் மகளுக்கு அனுப்பிவைக்கிறேன். முதல் பக்கத்தில் 35 இருக்கிறது. காரணத்தைப் படிப்பதற்கு முன் அதைக் கையால் மூடிக்கொண்டு, அந்த விடை எப்படி வந்திருக்கும் என்று அவளையே யோசித்துப் பார்க்கச் சொல்.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்