ஜமைக்காவின் வேகத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிப் போட்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜமைக்கா ஓட்டக்காரர்களைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அவர்களின் வேகத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் கிழங்குச் சாப்பாடு, உடல்வாகு, கூடவே உசேன் போல்ட் எல்லாம் இருந்தது. அந்த நாட்டின் பள்ளிப் போட்டியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டே காலத்தைக் கழித்த எனக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது.

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் உள்ள சபைனா பார்க் என்றால் நமக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். 1971இல் திலீப் சர்தேசாய் 212 ரன் எடுத்த மைதானம். ஆனால் அங்கே டெஸ்ட் கிரிக்கெட் வருவதற்குச் சுமார் 20 ஆண்டுகள் முன்பே, 1910 ஜூன் 29 அன்று, ஆறு பள்ளிகளின் பையன்கள் தடகளப் போட்டிக்குக் கூடினார்கள். உல்மர்ஸ் பள்ளி முதலிடம் பிடித்தது. ‘சாம்ப்ஸ்’ என்று ஜமைக்காவே கொண்டாடும் போட்டி இப்படித்தான் தொடங்கியது.

மறு ஆண்டே ஜமைக்கா கல்லூரி என்ற பள்ளியின் மாணவர் நார்மன் மேன்லி 100 கஜத்தை 10 நொடியில் ஓடினார். அப்போது ஸ்டார்டிங் பிளாக் என்பதே கிடையாது. காலை ஊன்ற மண்ணில் குழி பறித்துக்கொள்வார்கள். அந்த நிலையில் 10 நொடி! 1952 வரை எந்தப் பள்ளி மாணவனும் அதை முறியடிக்கவில்லை. பிற்பாடு அவர் பெயர்பெற்ற வழக்கறிஞராகி, சுதந்திரத்துக்கு முன் நாட்டின் ஆட்சிப் பொறுப்பையே ஏற்றார். ஓட்டத்தால் படிப்பு கெடும் என்று என்னிடம் வாதாடிய பெற்றோருக்கெல்லாம் நான் சொன்ன பெயர் இதுதான்.

ஆரம்பத்தில் இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் படித்த சில பள்ளிகளின் போட்டிதான். பெண்களுக்கு இடமே இல்லை. மாணவியர் போட்டியும் இதுவும் ஒன்றாக இணைந்தது 1999இல்தான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

போட்டியின் உயிர் புள்ளிக் கணக்கில் இருக்கிறது. முதலாவது வருபவனோடு கணக்கு முடிவதில்லை. அடுத்தடுத்து வருபவர்களும் பள்ளிக்குப் புள்ளி சேர்க்கிறார்கள். அதனால் ஒரு நட்சத்திரம் போதும் என்று எந்தப் பயிற்சியாளரும் இருந்துவிட முடியாது. நான்காவதாக வரக்கூடிய பையனையும் சேர்த்துத்தான் தயார் செய்தாக வேண்டும்.

1948 லண்டனில்தான் ஜமைக்கா முதல்முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது. 400 மீட்டரில் ஆர்தர் வின்ட் தங்கம், ஹெர்ப் மெக்கின்லி வெள்ளி. இருவருமே கலபார் பள்ளியில் படித்தவர்கள். அப்புறம் 1952 ஹெல்சிங்கியில் இவர்கள் இருவரும் இருந்த அணி, 4 x 400 மீட்டர் தொடர் ஓட்டத்தை 3 நிமிடம் 3.9 நொடியில் முடித்து உலக சாதனையோடு தங்கம் வென்றது. மெக்கின்லி அதோடு ஒதுங்கிவிடவில்லை. அதே கலபாருக்குத் திரும்பி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

சாம்ப்ஸ் நடக்கும் நாட்களில் அந்த ஊர்ப் பத்திரிகைகள் பள்ளி மாணவர்களின் பெயரையும் நேரத்தையும் பக்கம் பக்கமாக வெளியிடுகின்றன. நம் குடியரசு தின விழாத் தடகளப் போட்டிகளுக்கும் நீங்கள் அப்படி இடம் ஒதுக்க வேண்டும். சாம்பியன் பள்ளியின் குழுப் படம் மட்டும் போதாது. மாவட்ட அளவிலாவது முதல் மூன்று இடம் பெற்றவர்களின் பெயர், பள்ளி, நேரம், தூரம் எல்லாவற்றையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
சங்கரன்கோவில்.