மாஸ்டரின் ஆம்ப் போவதற்குள்

காட்பாடி,
ஞாயிறு இரவு

மாப்ள,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி போடவில்லை. திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் நலம். வெயில் வழக்கம்போல. பாலாற்றில் மணல் லாரிதான் ஓடுகிறது.

விஷயம் நம் கிடார் மாஸ்டருடைய ஆம்ப், அந்தப் பழைய கிடார் ஆம்ப்ளிஃபயர். விற்கப்போகிறார்டா. கை நடுக்கம் கூடிவிட்டது. "எனக்கு இனி இது எதுக்கு" என்கிறார். மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஆள் வருகிறது. அந்தச் சத்தத்தையாவது கேப்சர் செய்து வைத்துக்கொள்வோம் என்று, இருந்த சேமிப்பைப் போட்டு ஒரு பெட்டி வாங்கினேன். சோதனைச் சத்தம் ஒன்றை ஆம்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு, ஆம்பையே நகல் எடுக்கிற பெட்டி. கம்பெனி பெயர் வேண்டாம், கூடவே வாயில் வேறு ஏதாவது வந்துவிடும்.

அதோடு வந்த புத்தகத்தில் கேப்சருக்கு ஒன்றரைப் பக்கம். இணைக்கவும், பட்டனை அழுத்தவும், காத்திருக்கவும். காத்திருந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. கிடாரை மாட்டி வாசித்தால் தகர உண்டியலைக் குலுக்கின மாதிரி இருக்கிறது! சோதனைச் சத்தம் கிடாரின் மெல்லிய அளவில் போகாமல், அதைவிடப் பலமான லைன் அளவில் போயிருக்கிறது. ஆம்ப் திணறிக் கத்த, அந்தக் கத்தலையே பெட்டி பாடம் படித்துவிட்டது. எவ்வளவு குறைக்க வேண்டும், நடுவில் அந்த அளவை இறக்கித் தருகிற ரீஆம்ப் பாக்ஸ் வேண்டுமா, ஆம்பின் எதிரொலியை, அதான் ரிவெர்பை, அணைக்க வேண்டுமா, ஒரு வார்த்தை கிடையாது. (ரிவெர்ப் விஷயம் மூன்றாம் தடவைதான் எனக்கே உறைத்தது.) குக்கர் வாங்கினால்கூட அரிசிக்கு எத்தனை விசில் என்று போட்டிருக்கிறான்.

இதைக் கேள். இரண்டாம் தடவை, பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறதே என்று ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓடவைக்கிற ஸ்டாண்ட்பை சுவிட்சில் விரலை வைத்தேன். கட்டிலில் படுத்திருந்த மாஸ்டர் எழுந்து வந்து கையில் ஓங்கி ஒன்று போட்டார். நடுங்குகிற கைதான், இன்னும் எரிகிறது. வால்வு வைத்த டியூப் ஆம்பை ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாகச் சுமையைத் தாங்குகிற லோட் பாக்ஸோ இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகிப்போகலாம். முதல் மாதமே நமக்குச் சொல்லிக்கொடுத்தது. மறந்தது என் தப்பு. ஆனால் ஆம்பின் பின்பக்கம் கைவைக்கச் சொல்கிறவன் அதைப் பெரிய எழுத்தில் போட வேண்டாமா? நாற்பது வருஷ ஆம்ப்டா அது.

இலவசமாகக் கிடைக்கிற நியூரல் ஆம்ப் மாடலர் என்கிற கேப்சர் மென்பொருள்கூட அசலுக்கும் நகலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு எண்ணைக் காட்டுகிறது. நான் காசு கொடுத்து வாங்கியது பச்சை விளக்கு. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். "உங்கள் காதை நம்புங்கள்" என்று பதில். ஆரணிக் கச்சேரிக்கு அப்புறம் என் காதை யார் நம்புவது?

சரி, உன்னிடம் ரீஆம்ப் பாக்ஸ் இருக்கிறதல்லவா? சனிக்கிழமை பிருந்தாவனில் ஏறு, ஸ்டேஷனுக்கு வண்டியோடு வருகிறேன். உன் கிடாரையும் எடுத்து வா. முதலில் நீ ஓங்கி வாசி, மீட்டர் எங்கே தொடுகிறதோ குறித்துக்கொண்டு சோதனைச் சத்தத்தையும் அந்த அளவுக்கு இறக்கலாம். மாஸ்டர் சொன்ன யோசனை. நீ வரப்போவதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மைசூர்பாகு வாங்காதே, அவருக்குச் சர்க்கரை. எனக்குத் தனியாக வாங்கு.

உன்,
தப்புத்தாளம்