இனிமேல் இதுதான் என் வேலை

பாப்பாவுக்கு,

ரிட்டயர் ஆன பிறகும் ஏன்மா காலையில் ஆறு மணிக்கே மாடி ரூமைத் திறந்து வைத்துக்கொண்டு வலியோடு வருகிற யார் யாருக்கோ யோகா என்று கையைத் தூக்கவும் காலை மடக்கவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் குழந்தை அழும், இல்லையென்றால் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பொழுதுபோக்கு என்று யாரிடமும் சொல்லாதே பாப்பா. இனிமேல் இதுதான் என் வேலை.

என் இடுப்பு வலி உனக்குத் தெரியும். நீ காலேஜ் படித்த வருஷங்களில்தான் அது உச்சத்தில் இருந்தது. பெல்ட், ஊசி, தைலம், ஒத்தடம் எல்லாம் நீ பார்த்ததுதான். ஆனால் நான் எவ்வளவு பயந்துபோயிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்த இடத்தில், "டிஸ்க் தேஞ்சிருக்கு, குனியாதீங்க, தூக்காதீங்க, தரையில உட்காராதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். டிஸ்க் என்றால் முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது. வலியைவிட அந்த வார்த்தைதான் என்னை முடக்கியது. கோலம் போடுவது நின்றது, பஸ் ஏறுவது நின்றது, கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவது நின்றது. தபால் ஆபீஸ் கவுண்டரில் கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட யாராவது வரமாட்டார்களா என்று காத்திருப்பேன்.

வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அதில் இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, ஐம்பது வயதில் 80 சதவீதம், எண்பது வயதில் 96. அத்தனை பேரும் எந்த வலியும் இல்லாமல் நடமாடியவர்கள். தேய்மானம் ஒன்றுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் முடி நரைப்பதைப் போல அது வயதோடு வருவதுதான் என்று அன்றைக்கு ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனை வருஷம் மிச்சமாகியிருக்கும்!

அந்த நேரத்தில்தான் மந்தைவெளியில் அந்த யோகா ஆசிரியையைப் பார்த்தேன். யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் வழியில் படித்தவர். கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையில் இளம் பையன்களுக்குத் துள்ளிக் குதிக்கும் ஆசனங்களைச் சொல்லிக்கொடுத்தவர். அவரே 1950களில் சென்னைக்கு வந்த பிறகு, நோயோடும் வயதோடும் வருகிறவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் உடம்புக்கும் மூச்சுக்கும் ஏற்றபடி பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் இன்ஜினியரிங் படித்துவிட்டு அப்பாவிடம் மாணவராகச் சேர்ந்து, 1976இல் இங்கே கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் என்ற யோகா மையத்தைத் தொடங்கினார். ஆளுக்குத் தகுந்த பயிற்சி, பயிற்சிக்குத் தகுந்த ஆள் இல்லை என்பதை என் ஆசிரியை திரும்பத் திரும்பச் சொல்வார்.

முதல் நாள் அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சை இழுக்கும்போது கையைத் தூக்குங்கள், விடும்போது இறக்குங்கள் என்றார். அவ்வளவுதான். மூச்சு முதலில் ஆரம்பிக்கவேண்டும், கை பிறகு. கை முதலில் நிற்கவேண்டும், மூச்சு பிறகு. மூச்சு தடுமாறினால் அந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். அப்புறம் சில வாரம் கழித்து, பாயில் படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விடும்போது முழங்காலை நெஞ்சுப் பக்கம் கொஞ்சமாகக் கொண்டுவருவது. எனக்கு வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை, இன்றும் அவ்வப்போது வரும். ஆனால் அசைந்தால் ஒடிந்துவிடுவேன் என்ற பயம் விட்டுப்போனது. உடம்பு மறுபடியும் என்னுடையதாக ஆனது.

அதோடு நின்றிருந்தால் நானும் உடம்பு சரியாகி வீட்டோடு இருந்திருப்பேன். ஆசிரியைக்குக் கூடமாட உதவி செய்துகொண்டிருந்த காலத்தில் ஒரு பூக்கட்டும் அம்மா வந்தாள். தோள் குடைச்சல், தலைக்கு மேலே கை போகாது, தலை வாரிவிடக்கூட மருமகள் வேண்டும். எங்கே வலிக்கிறது என்று காட்டும்போதே அவள் முகம் சுருங்கிவிடும். அவளைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சு போகிற தூரத்துக்கு மட்டும் கை போகட்டும் என்று நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஒரு கட்டத்தில் கை காதைத் தாண்டிப் போய்விட்டது, அவளுக்கே தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, கை மேல வந்துருச்சுக்கா" என்றாள். தபால் ஆபீஸில் அத்தனை வருஷம் உண்மையாகத்தான் உழைத்தேன் பாப்பா, ஆனால் நான் எதற்காகப் பிறந்தேன் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகுதான் முறையாகப் படித்தேன், பரீட்சை எழுதினேன்.

மூன்று மாதத்துக்கு மேல் தொடர்கிற வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். அடிபட்ட இடம் பெரும்பாலும் அதற்குள் ஆறியிருக்கும், ஆனால் நரம்புகள் விழிப்பைக் குறைக்காமல், திருடன் போன பிறகும் குரைத்துக்கொண்டிருக்கிற நாயாக இருக்கும். நிஜமான வலிதான், கற்பனை இல்லை. "எல்லாம் மனசுதான்" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி நொந்துபோய் வருகிற பெண்கள் எத்தனை பேர்! அந்த நாயை அதட்டி அடக்க முடியாது. சின்னச் சின்ன அசைவு, வலி கிளம்புவதற்கு முன்பே நிறுத்துவது, மறுநாள் அதே அளவு, இப்படித்தான் பழக்கவேண்டும்.

இதில் கஷ்டமே நல்ல நாட்கள்தான். கொஞ்சம் தேவலை என்றதும் பரணைச் சுத்தம் செய்து, போர்வையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, அடுத்த நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவார்கள். நல்ல நாளிலும் அளவோடு, மோசமான நாளிலும் கொஞ்சமாவது என்பதைப் புரியவைக்கத்தான் எனக்கு ஆசனத்தைவிட அதிக நேரம் போகிறது.

எல்லாரையும் குணமாக்குகிறேன் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. ஆய்வுகள் காட்டுகிற பலனும் மிதமானதுதான். ஆனாலும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் உடற்பயிற்சி, யோகா போன்றவற்றை முயன்று பாருங்கள் என்று அமெரிக்க மருத்துவர்கள் சங்கம் ஒன்று 2017இலேயே வழிகாட்டியது. தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, காலில் பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இதெல்லாம் உண்டா என்று முதல் நாளே கேட்பேன். ஒன்று இருந்தாலும் நேராக டாக்டரிடம்தான், பாயை விரிக்கவே மாட்டேன்.

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே, காலைக் காபியை அவரே போட்டுக்கொள்கிறார், நன்றாகவே போடுகிறார். வருகிறவர்கள் முடிந்ததைக் கொடுக்கிறார்கள், கரண்ட் பில்லுக்கும் பாய்க்கும் போக மிச்சமும் இருக்கிறது.

சரி, உன் கழுத்து விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்குப் பால் கொடுக்கக் குனிந்து குனிந்து, அப்புறம் லேப்டாப்பில் குனிந்து, அந்தப் பிடிப்பு வந்திருக்கிறது. கை மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா என்று முதலில் பார், அப்படி இருந்தால் அங்கேயே டாக்டரைப் பார்த்துவிடு. இல்லையென்றால் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, மூச்சை இழுத்தபடி வலது கையை முன்பக்கமாகத் தூக்கு, விட்டபடி கையை இறக்கிக்கொண்டே தலையை இடது பக்கம் மெதுவாகத் திருப்பு, அடுத்த மூச்சை இழுக்கும்போது தலை நடுவுக்கு வரட்டும். பக்கத்துக்கு நாலு தடவை போதும், நன்றாக இருக்கிறதே என்று கூட்டாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வகுப்பு கிடையாது, உனக்கு அது சனிக்கிழமை ராத்திரி, குழந்தை தூங்கின பிறகு வீடியோவில் வா. போனை மடியில் வைக்காமல் தலையும் இரண்டு தோளும் தெரிகிற மாதிரி எதிரே உயரமாக வை, கனமான ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காராதே, தோள் எப்படி அசைகிறது என்று நான் பார்க்கவேண்டும்.

அன்புடன்
அம்மா