என் காலை நிமிர்த்தித் தந்த உறவுகளுக்கு

அன்பான வட்டக்கச்சி ஊரவர்களுக்கும் பேர்ண் நண்பர்களுக்கும் வணக்கம்.

வருகிற கிழமை நான் திரும்பவும் சுவிஸுக்குப் போகிறேன். வரும்போது இரண்டு ஊன்றுகோலோடு வான் வண்டியில் இருந்து இறக்கிவிடப்பட்டவள், இப்போது கடைக்கும் கோயிலுக்கும் தனியாக நடந்து போய் வருகிறேன். நேரில் வந்து சொல்லத்தான் விருப்பம். ஆனால் உதவியவர்களில் பாதிப்பேர் வேறு ஊர்களிலும் வேறு நாட்டிலும் இருக்கிறீர்கள். அதனால் எல்லாருக்கும் பொதுவாக இந்த மடல்.

என்ன நடந்தது என்று இன்னும் பலர் கேட்கிறீர்கள். மாசி மாதம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து ஆட்களோடு மலைப்பக்கம் பனிச்சறுக்குக்குப் போயிருந்தோம். சரிவு குறைந்த இடம்தான். வலதுகாலில் இருந்த சறுக்குப் பலகை பனியில் மாட்டி ஒரு பக்கம் திரும்ப, உடம்பு மற்றப் பக்கம் திரும்பியது. முழங்காலுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். சப்பாத்தைப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டு, வேகமாக விழும்போது கழன்று கொடுக்கும். மெதுவாக முறுகி விழும்போது பல வேளைகளில் கழலாது. கீழ்க்கால் எலும்பு முறியாமல் காப்பதற்காகச் செய்த பூட்டு அது. முழங்கால் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நாரான இணையத்துக்கு அதனால் பெரிய பாதுகாப்பு இல்லை. அன்று பின்னேரத்துக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது முன் குறுக்கு இணையம், டொக்டர்மார் ஏசிஎல் என்று சொல்வது, முழுதாக அறுந்திருந்தது. புது இணையம் வைத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள்.

என்னைச் சறுக்குவண்டியில் கட்டிக் கீழே இறக்கிய மீட்புப் பணியாளர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வழி முழுக்க என்னோடு கதைத்துக்கொண்டே வந்தார்கள், அது போதும். வேலையிடத்துத் தோழி ஒருத்தி காப்புறுதிக் கடிதங்கள் அத்தனையையும் பார்த்துக்கொண்டாள். அங்கே ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் கட்டாயக் காப்புறுதி உண்டு. சம்பளத்தின் 80 வீதமும் கிடைக்கும். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருங்கள். சத்திரசிகிச்சை செய்த டொக்டரின் ஜெர்மன் கடிதத்தை ஒரு பக்கம் விடாமல் தமிழில் எழுதித் தந்த தம்பிக்கு என் தனி நன்றி. அந்தக் கடிதம் இல்லாமல் இங்கே ஒன்றும் நடந்திருக்காது.

நீண்ட விமானப் பயணத்துக்கு அனுமதி கிடைத்ததும் அம்மாவிடம் வந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்த வான்கார அண்ணை நடுச் சீற்றைக் கழற்றிவிட்டு வந்திருந்தார், நான் காலை நீட்டி வைக்க. கேட்காமலே இடைக்கிடை நிறுத்தி என்னை நடக்க விட்டார். முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும், எங்கள் வானும் நின்றது. பிள்ளையாருக்கு முன்னால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் வீட்டுக்கு வந்துவிட்டேன் என்ற நினைப்பே வந்தது.

கிளிநொச்சி வைத்தியசாலையின் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவில் என்னைப் பார்த்த தங்கச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த ஆட்கள் எல்லாரும் “கால் மடியுதோ?” என்றுதான் கேட்டார்கள். அவர் கேட்டது வேறு. என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலுக்குக் கீழே தன் கையை விட்டார். “என்ரை கையை நசுக்குங்கோ அக்கா, பாப்பம்.” எவ்வளவு முக்கியும் அந்தக் கை சும்மா கிடந்தது. தொடைத் தசை என் சொல்லைக் கேட்கவே இல்லை. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு தொடையின் முன்தசை மிகவும் மெலிந்துபோகும், கால் முழுதாக நிமிராவிட்டால் நடை நிரந்தரமாக நொண்டலாகிவிடும், மடிப்பது மெல்ல மெல்ல வரும், நிமிர்ப்பதைத் தவறவிட்டால் பிடிப்பது கஷ்டம் என்று விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முதல் வேலை அந்தக் கைதான். ஒரு நாள் அவர் “ஆ, நோகுது!” என்று கையை இழுத்தார். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் அழுதுவிட்டேன்.

அந்தக் கட்டில்களில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. மிதிவெடியில் ஒரு காலை இழந்து, பொய்க்காலோடு பல வருடமாக வயல் செய்யும் ஐயா ஒருவர் இருந்தார். படியைக் கண்டு நான் பயந்து நின்றபோது பக்கத்தில் வந்து சொன்னார்: “ஏறேக்க நல்ல காலை முதல் வை பிள்ளை. இறங்கேக்க ஏலாத காலை முதல் வை.” டொக்டரின் கடிதத்திலும் அதுவேதான் இருந்தது, ஆனால் அவர் ஏறி இறங்கிக் காட்டிய பிறகுதான் என் பயம் போனது. எனக்கு இரண்டு காலும் இருக்கின்றன. காப்புறுதியும் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் எழும்பி நடந்தவர் எனக்கு நேரம் ஒதுக்கிச் சொல்லித் தந்தார். ஐயா, உங்களை நான் மறக்கமாட்டேன்.

வீட்டில் குந்தி இருக்கும் மலசலகூடம்தான். மேசன் அண்ணை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த நாள் ஒரு பழைய மரக்கதிரையின் இருக்கையை வட்டமாக வெட்டி, விளிம்பை உரஞ்சி, இரண்டு பக்கமும் பிடிக்கக் கட்டை அடித்துக் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. குசினி வாசற்படிக்கும் சீமெந்தால் சரிவு போட்டுத் தந்தார். தையல் அக்கா பழைய டெனிமில் நீளமான பைகள் தைத்து, வாய்க்கால் மணலைக் காயவைத்துப் போட்டு, கடைத் தராசில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நிறுத்துத் தந்தார். அதைக் கணுக்காலில் கட்டித்தான் காலைத் தூக்கிப் பழகினேன்.

மீன்கார அண்ணைக்கு என்ன சொல்வது! பயிற்சி முடிய முழங்கால் கொதிக்கும், ஐஸ் வைக்க வேண்டும். எங்கள் பிரிட்ஜில் அவ்வளவு ஐஸ் எடுக்கமுடியாது. விடிய முல்லைத்தீவில் மீன் எடுக்கும்போது, றெஜிபோம் பெட்டிக்குள் மீனை அடுக்க முதல், சுத்தமான பையில் எனக்கென்று ஐஸ் கட்டி ஒரு பக்கம் வைத்துவிடுவார். படலையில் ஹோர்ன் சத்தம் கேட்டால் அம்மா துவாயோடு ஓடுவார். மழை நாளிலும் அந்தப் பை வந்தது. மீன் வாங்காத வெள்ளிக்கிழமைகளிலும் வந்தது.

ஊர்ப் பரியாரியாருக்கும் நன்றி சொல்லவேண்டும், அவர் செய்யாததற்காக. எண்ணெய் போட்டு உருவினால் கெதியாய் மாறும் என்று சொல்லி மாமி என்னை அவரிடம் கூட்டிப்போனார். தழும்பைப் பார்த்தார், கடிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். “வெட்டித் தைச்ச முழங்காலில நான் கை வைக்கமாட்டன். ஆசுப்பத்திரியில சொல்லுறதைச் செய்” என்று அனுப்பிவிட்டார். எத்தனையோ முறிவு நெரிவு பார்த்த கை அது. வேண்டாம் என்று சொன்ன அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அப்புறம் அம்மா. என் தொடைப் பின்தசையின் நாரை எடுத்துத்தான் புது இணையமாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் இரத்தக்குழாய் வளர்ந்து அது உயிர்ப்பிடிக்க மாதக்கணக்காகும். நோ குறைந்து, நடை வந்து, எல்லாம் சரி என்று தோன்றும் அந்த இடைக்காலத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். அப்போதுதான் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் வந்தது. சனநெரிசலுக்குள் போக எனக்கு ஆசை. அம்மா படலையில் நின்று சொன்னார்: “வைச்ச தென்னம்பிள்ளை வேர்பிடிக்க முதல் ஆட்டிப் பாப்பினமோ?” எனக்காகத் தானும் போகவில்லை. வருடம் தவறாமல் போகிறவர். போய்வந்த சொந்தங்கள் பிரசாதம் கொண்டுவந்து தந்தார்கள். அம்மாவுக்கு நன்றி என்று எழுதினால் கோபிப்பார், எழுதத்தான் செய்வேன்.

கழகத்துத் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. என் கதிரையைத் தூக்கி மரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்து, உங்கள் கரப்பந்தாட்டத்தைப் பார்க்க வைத்தீர்கள். உங்களில் ஒருவருக்கு முழங்கால் அடிக்கடி விலகுவது போல இருந்து, துணி சுற்றிக்கொண்டு விளையாடினார். நல்லவேளை, என்னோடு வைத்தியசாலைக்கு வரச் சம்மதித்தார், இப்போது பயிற்சி செய்கிறார். இது பனியில் மட்டும் வரும் காயம் இல்லை. பாய்ந்து அடித்துவிட்டு இறங்கும்போதும், ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதும் இதே இணையம்தான் அறும். சத்தம் கேட்டு, சில மணித்தியாலத்துக்குள் முழங்கால் வீங்கினால் தயவுசெய்து போய்க் காட்டுங்கள். எல்லாருக்கும் வெட்டவேண்டி வராது, பயிற்சியோடு தேறுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் காட்டவேண்டும்.

எனக்கு ஓடவும் குதிக்கவும் இன்னும் அனுமதி இல்லை. 9 மாதமாவது ஆகவேண்டும், அதற்குப் பிறகும் இரண்டு தொடையின் பலத்தையும் அளந்து பார்த்துத்தான் விடுவார்கள். மிச்சப் பயிற்சியைப் பேர்ணில் தொடர்வேன்.

ஊன்றுகோல் இரண்டு, மேசன் அண்ணை செய்த இருக்கை, மணல் பைகள் ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்து சனசமூக நிலையத்தில் கொடுத்திருக்கிறேன். ஊன்றுகோலின் உயரத்தை ஆளுக்கேற்றபடி கூட்டிக் குறைக்கலாம். தேவைப்படுபவர்கள் வாசிகசாலைக் கொப்பியில் எழுதிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.